அழித்து அழித்து வரைந்த போர்ப்படம்

ஸ்பெயினில் நடந்த போரைச் செதுக்கோவியங்களாக்கிய அந்நாட்டு ஓவியர் கோயா, ஒரு படத்தின் அடியில் ‘இதை நான் பார்த்தேன்’ என்று எழுதிவைத்தார். 82 அச்சுத் தகடுகள் கொண்ட பெரிய தொடர் அது. அவர் இறந்து 35 வருடம் கழித்து, 1863இல்தான் நூலாக வந்தது. அப்படி எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. போரைப் பார்த்த அக்கா ஒருவர் சொன்னார், நான் அதை வரைந்து அனிமேஷன் படமாக்கினேன். அவ்வளவுதான்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குரல் பதிவை ஆரம்பிப்பதுதான் வழக்கம். பதிவு முடிந்தபின் இன்னொரு தடவை ஒப்புதல் கேளுங்கள் என்பேன். என்னென்ன சொல்லப்போகிறோம் என்பது பேச உட்காரும்முன் அவர்களுக்கே தெரியாதே! அந்த அக்காவிடம் நான் இரண்டாம் தடவை கேட்டபோது, குரல் இருக்கட்டும், ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடு என்றார்.

பதிவில் ஓரிடத்தில் சொல்கிறார்: “ஓடவில்லை தம்பி, நடந்தோம். வயதானவர்களை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?”

என் வேலையைப் பன்மடங்காக்கியது இந்த வரிதான். கரியால் வரைந்து, கேமராவில் ஒரு படம் எடுத்து, கொஞ்சம் அழித்து, அதே தாளில் மறுபடி வரைய வேண்டும். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கையாளும் முறை இது. திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம், ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினாலும் நிமிடத்துக்கு 720 படம் வேண்டும். ஓட்டத்தை நாலு மங்கலான கோட்டில் ஒப்பேற்றிவிடலாம். நடையில் அந்தப் பாச்சா பலிக்காது. குதிகால் ஊன்றுவது, முழங்கால் மடங்குவது, தோளில் சுமக்கும் மூட்டை ஏறி இறங்குவது எல்லாம் தெரிந்தாக வேண்டும். அழித்த இடத்தில் கரி முழுதாகப் போகாது. நடப்பவருக்குப் பின்னால் அவருடைய பழைய உருவங்கள் சாம்பல் கறையாக நீளும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு: குச்சிக்கரி போதும், அழுத்திச் செய்த கரி சரியாக அழியாது. தடித்த பருத்தித் தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் சீக்கிரமே பஞ்சாகிவிடும். கேமராவில் வெளிச்ச அளவு, குவியம் என்று தானாக மாறும் எதையும் விட்டுவைக்காதீர்கள். ஜன்னலை மூடுங்கள், வெளியே மேகம் நகர்ந்தால்கூடப் படம் துடிக்கும். அப்புறம், கறுப்புச் சட்டை. வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் தாளில் தெறிக்கும்.

வெடிச் சத்தம் சேர்க்கவில்லை. கிடைத்த ஒலிகள் எல்லாமே சண்டைப் படத்துக்குச் செய்தவை மாதிரி இருந்தன. அக்காவின் குரல், காலடி, மூச்சு மட்டும்.

விழாக்களுக்கு அனுப்பும்போது அனிமேஷனா ஆவணப்படமா என்று குழப்பம். இரண்டு பிரிவுக்கும் விண்ணப்பித்தேன். ஆவணப்படப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள்.