தொழில் என்ற கட்டம்

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. இப்போது நான் துறைமுகத்தில் வாஃப் கிளார்க், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் வேலை. அதை எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2009 முதல் 2023 வரை பதினான்கு வருடம் பந்தடித்தேன், அதற்குக் காசும் வாங்கினேன். இருந்தும் கொழும்பில் நிரப்பிய எந்தப் படிவத்திலும் 'உதைபந்தாட்ட வீரர்' என்று எழுதியதில்லை. பக்கத்தில் இருக்கும் வேலையை எழுதிவிட்டுக் கையெழுத்து வைத்துவிடுவேன். "பந்தடிக்கிறது சரி தம்பி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்கும் ஊரில் வேறு என்ன எழுதுவது?

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குச் சுகததாச அரங்கம் நடந்து போகும் தூரம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்ற கதையை மாமா சொல்லிச் சொல்லி, நானே பார்த்தது போல ஆகிவிட்டது. உண்மையில் அப்போது எனக்கு ஐந்து வயது. நான் கண்ணால் பார்த்தது 2008 இறுதியாட்டம். அதே இந்தியா, அதே 1-0, ஆனால் கிண்ணத்தைத் தூக்கியது மாலைதீவு. நம்முடைய அரங்கத்தில் அடுத்த வீட்டுக்காரன் கிண்ணம் தூக்குவதைப் பார்த்துவிட்டு ஜம்பட்டா வீதி வழியாகப் பேசாமல் நடந்து வந்தோம்.

முன்களத்தில் விளையாடத்தான் எனக்கு ஆசை. பதினாறு வயதில் எங்கள் கோச் என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். "உனக்கு வேகம் இல்லை. ஆனா பந்து வர முதல் பார்க்கிறாய். நடுவில நில்லு." பாராட்டா திட்டா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. வேலை பிடிபட இரண்டு வருடம் சென்றது.

பந்து உன்னிடம் வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு தோளுக்கு மேலால் ஒரு பார்வை, மற்றத் தோளுக்கு மேலால் இன்னொன்று. யார் நெருக்கி வருகிறான், எங்கே இடம் கிடக்கிறது. உடம்பைப் பாதி திருப்பி, பந்தைத் தூரக் காலில், அதாவது பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளி இருக்கும் காலில், வாங்கினால் மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரியும். நேராக நின்று கிட்டக் காலில் வாங்கினால் முதுகில் ஒருவன் ஏறிவிடுவான். பின்கள வீரர் மேலே போனால் அவர் விட்ட இடத்தில் போய் நிற்க வேண்டும். தலையால் முட்டிய பந்து எங்கே விழும் என்று கணக்குப் பார்த்து அங்கே முதலில் போக வேண்டும். மைதானத்திலேயே அதிகம் ஓடுகிறவர்களில் மத்தியகள வீரரும் ஒருவர். பெரிய லீக்குகளில் ஒரு மெட்சுக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். எங்களுக்கு அளக்கும் கருவி இருக்கவில்லை. பின்னேரம் மூன்றரை மணி வெயிலில் தொடங்கிய மெட்ச் முடிந்து சொக்ஸைக் கழற்றும்போது கால் சொல்லும்.

ஓடியதில் முக்கால்வாசி பந்து இல்லாமல் ஓடியது. அதை யாரும் பார்ப்பதில்லை. மாமாவே மெட்ச் முடிந்து, "நீ இன்டைக்கு விளையாடினியா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் அணி அன்று வென்றிருந்தது.

மழைக்காலத்தில் இந்தப் பாடமெல்லாம் தலைகீழாகிவிடும். மே மாத மழைக்குப் பிறகு நடுக்களம்தான் முதலில் சேறாகும். உருட்டிக் கொடுத்த பாஸ் பாதி வழியில் தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அப்போது பந்தைக் கொஞ்சம் கிண்டித் தூக்கி அனுப்ப வேண்டும். இந்தக் கலையை எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தரமாட்டார்கள். அணைக்கட்டுப் பக்கம் விளையாடிய பெடியன்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நடுவில் நிற்பவன் வாயாலும் வேலை செய்ய வேண்டும். எங்கள் அணியில் இடது பக்கம் சிங்களப் பெடியன், பின்னால் கொம்பனித்தெரு மலாய் அண்ணன், முன்னால் மன்னார்த் தம்பி. அவனுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் வராது. ஆகவே ஒரே மூச்சில் "பிட்டிபஸ்ஸ!" என்று ஒருவனுக்கும் "பின்னால மச்சான்!" என்று மற்றவனுக்கும் கத்துவேன். என் சிங்களம் முழுக்கவும் அப்படி வந்ததுதான். இன்றைக்கும் துறைமுகத்தில் சுங்க அதிகாரியோடு பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

காசுக் கதைக்கு வருவோம். இந்த நாட்டில் பந்தடித்துக்கொண்டு ஒழுங்கான சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் வேண்டுமென்றால் தெளிவான வழி இராணுவம், கடற்படை, விமானப்படை அல்லது பொலிஸ். அவர்களுடைய அணிகள் திறமையான வீரர்களைச் சேர்த்துக்கொண்டு உத்தியோகமும் கொடுக்கும். எனக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது, 2010இல். வீட்டில் அதைப் பற்றி ஒரே ஒரு இரவுதான் பேச்சு நடந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "நீ யோசிச்சுச் செய்" என்றார். நான் போகவில்லை. போன தமிழ்ப் பெடியன்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களில் ஒருவன் இன்று வீடு கட்டி இருக்கிறான்.

எனக்குக் கிடைத்தவை கழகங்கள். மெட்சுக்கு இவ்வளவு, வென்றால் இவ்வளவு, பஸ் காசு, ஒரு சோற்றுப் பார்சல். ஒரு கழகம் மூன்று மாதக் காசை வைத்துக்கொண்டு இன்றுவரை தரவில்லை. எழுத்தில் ஒன்றும் வாங்காதது என் பிழை. விடியற்காலை பயிற்சி, எட்டரைக்குத் துறைமுகம், சனிக்கிழமை மெட்ச். மேலதிகாரி நல்ல மனிதர். மெட்ச் நாளில் அரை நாள் லீவு தருவார், திங்கள் காலை நொண்டிக்கொண்டு வந்தால் மட்டும் முறைப்பார்.

ஒப்பந்தம் என்ற கடதாசியை முதன்முதலில் பார்த்தது மாலைதீவுக் கழகம் ஒன்று கூப்பிட்டபோது. 2014, ஒரே ஒரு பருவகாலம். விமானம் ஏறி ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாது. அதற்குள் குடிவரவு அட்டை தந்தார்கள், அதிலும் அதே கட்டம். பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு 'ஃபுட்போலர்' என்று எழுதினேன். மாலேயில் இறங்கினால், அட்டையை வாங்கிய அதிகாரி தலை நிமிர்ந்து "எந்த கிளப்?" என்று கேட்டார். ஊரைச் சுற்றி நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்காது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், நேற்று நான் தவறவிட்ட பாஸைப் பற்றிப் பேசுவார்கள். திட்டினார்கள்தான். ஆனால் நான் பந்தில்லாமல் ஓடியதையும் பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்கால் இரண்டு தடவை பிசகியது. மீன் கடையில் வாங்கிய ஐஸை பொலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொண்டுதான் இரண்டையும் சுகப்படுத்தினேன். 2021இல் 10 கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது எனக்கு முப்பத்தொரு வயது. இனி இது ஒரு தொழிலாகும் என்று எல்லோரும் நம்பினோம், நானும்தான். கொரோனா வந்து ஆட்டங்களை நிறுத்தி நிறுத்தி நடத்த வைத்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபீஃபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில் தடை நீங்கியது. இருபது வயதுக்காரனுக்கு ஏழு மாதம் பெரிய விஷயமில்லை. முப்பத்துமூன்று வயதில் அந்த ஏழு மாதம் காலைப் பயிற்சிக்கு எழும்பாமல் தூங்கினேன். அப்புறம் எழும்பவே இல்லை. பிரியாவிடை மெட்ச், மாலை, ஒன்றும் கிடையாது. பூட்ஸ் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டக்குளி காக்கைதீவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். எல்லோருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. மெதுவாக ஓடும் ஒருவனை நடுவில் நிறுத்தினேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பந்தை அவனிடம் ஒருவன் உருட்டுவான், நான் அவன் முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டுவேன். பந்து காலில் படுவதற்கு முன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு குத்துமதிப்பாக "ரெண்டு" என்றான். நான் காட்டியது ஐந்து. போன கிழமை பந்து வரும்போதே சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

"மூணு, சேர். ஆனா ஒண்டு மடங்கி இருக்கு."

அது 2016இல் முறிந்த விரல். நிமிராது.