திறந்து பார்த்தனீரோ?

"தம்பி, எல்லாத்தையும் திறந்து பார்த்தனீரோ?" என்று அண்ணன் கேட்டார்.

"ஓம் அண்ணை, எல்லாம் திறந்து மூடியாச்சு" என்றேன்.

இது பொய்யா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திறந்ததென்னவோ உண்மை. திறந்தது நானல்ல, ஸ்கிரிப்ட்; கணினி தானாக ஓட்டும் கட்டளைப் பட்டியல். நிலாவெளி ஹோட்டல் வேலையில் 186 வரைபடங்கள்; எல்லாவற்றிலும் டைட்டில் புளொக்கில், அதாவது தாளில் இருக்கும் விவரக் கட்டத்தில், திட்ட எண் மாற வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் கையால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போகும். வரைபட மென்பொருளான ஓட்டோகாட்டின் 2013 பதிப்போடு வந்த கோர் கன்சோல் என்ற துணை நிரல், படத்தைத் திரையில் காட்டாமலே கோப்பைத் திறந்து, கட்டளைகளை ஓட்டி, சேமித்து மூடிவிடும். ஸ்கிரிப்ட் கோப்பில் ஒரு வெற்றிடம்கூட என்டர் தட்டியதற்குச் சமம் என்பதால் வரிவரியாக ஐந்து தரம் பார்த்தேன். கவனமில்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கோப்பில் பயன்படாமல் கிடப்பதை அழிக்கும் பேர்ஜ் கட்டளையை யாரும் கேட்கவில்லை. கோப்புகள் ஊதிப்போய்க் கொழும்புக்கு மின்னஞ்சலில் போக மறுத்தன, அதனால் நானாகவே சேர்த்தேன். புளொக் என்றால் ஒரு தரம் வரைந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் உருவம். படத்தில் எங்கும் வைக்கப்படாத புளொக்குகள் பேர்ஜுக்குக் குப்பை. அண்ணனுக்கு அவை குப்பை இல்லை. ஜன்னல் வகைகள், செப்டிக் டாங்க், படிக்கட்டு விவரங்கள் என்று பல வருடங்களாகத் தானே வரைந்தவற்றை அந்தக் கோப்புகளுக்குள்தான் வைத்திருந்தார். அவை போய்விட்டன. தனியாக ஒரு லைப்ரரி வைத்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான் என்பதும் சரிதான்.

சேமிக்கும்போது ஓட்டோகாட் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதி, பேக் கோப்பு, இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் ஓட்டத்தில் திகதியைப் பிழையாகப் போட்டுவிட்டு, திருத்தி இரண்டாம் தரமும் ஓட்டியிருந்தேன். ஒவ்வொரு சேமிப்பிலும் அதற்கு முந்தைய நிலைதான் பேக் ஆகும். ஆகவே பேக்கில் கிடந்ததும் நான் ஏற்கெனவே துடைத்ததுதான். ஃபோல்டரை ஒருக்கால் கொப்பி பண்ணியிருந்தால் முடிந்திருக்கும்.

அண்ணன் கத்தவில்லை. "சரி, பரவாயில்லை" என்றார். கத்தியிருந்தால், உங்களுடைய ஒழுங்கீனம்தான் காரணம் என்று நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அந்தப் பதிலை உவர்மலை ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். வீடு வருவதற்குள் அது ஆட்டம் கண்டுவிடும். அவர் கேட்டது திறந்ததைப் பற்றியல்ல, பார்த்ததைப் பற்றி. அது அப்போதே எனக்கு விளங்கியது.

போன கிழமை இன்னொரு வேலையில் எண் மாறியது. 40 தாள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்து கையாலேயே மாற்றினார். நானும் ஸ்கிரிப்ட் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு தாளில் எண்ணைப் பிழையாக அடித்திருந்தார். அவர் தேநீருக்குப் போன நேரம் திருத்தி வைத்தேன்.