ஒன்பது பைகளும் உப்புத் தண்ணீரும்: தண்டையார்பேட்டை முற்றத்து நாட்குறிப்பு

2024 ஜூலை 21, ஞாயிறு

வட சென்னையில் எங்கள் வீட்டின் பின்கட்டில் உள்ள சிமெண்டு முற்றம் 14 அடி நீளமும் 9 அடி அகலமும் கொண்டது. இருபுறமும் மாடிகள் எழும்பிவிட்டதால் காலை பத்து மணிக்கு மேல்தான் வெயில் உள்ளே இறங்குகிறது. பிற்பகல் இரண்டரைக்குள் விலகிவிடுகிறது. துணி காயவைக்க மட்டுமே பயன்பட்ட இந்த இடத்தில் காய்கறி வளர்க்க வேண்டும் என்ற பல நாள் ஆசையில் இன்று ஒன்பது பைகளை நிரப்பினேன். இரண்டு பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு என்பது கலவை. செங்கல் போல இறுகியிருந்த 5 கிலோ நார்க்கட்டி, தண்ணீரில் ஊறி ஒரு பெரிய அண்டாவையே நிறைத்தது. ஊறியதும் அப்படியே அள்ளிக் கலந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. “ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொல்லி வச்சாங்க? இன்னிக்கே போடும்மா” என்றார் அத்தை. இரவு முழுவதும் ஊறவைத்திருந்த வெண்டை விதைகளை நான்கு பைகளில் ஊன்றினேன். இரண்டில் தக்காளி நாற்று, இரண்டில் மிளகாய் நாற்று, கடைசிப் பையில் அரைக்கீரை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வெண்டை ஐந்தாம் நாளே முளைத்தது. கீரை விதைகளையோ எறும்புகள் ஒன்றுவிடாமல் இழுத்துச் சென்றுவிட்டன. அத்தை சொன்னபடி, மறுபடி விதைத்த பிறகு பையின் ஓரத்தில் ஒரு பிடி ரவையைத் தூவினேன். எறும்புகள் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிட்டன.

செப்டம்பர் 1, ஞாயிறு

வெண்டை இலைகளின் ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பேறி மடிகிறது. மிளகாய் அதைவிட மோசம்; புது இலைகள் சுண்டு விரல் நகத்தளவுக்கு மேல் விரியவே இல்லை. கீரை மட்டும் குறையின்றி நிற்கிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி ஒரு வாரமாகக் காலையும் மாலையும் ஊற்றினேன்; சத்துக் குறைவோ என்று மேலும் எரு வைத்தேன். இரண்டும் நிலைமையை மோசமாக்கின. கையால் வளர்த்த ஒன்று கண் முன்னே வாடும்போது மனம் எதிலும் ஒட்டவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பைகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பூஞ்சை என்றே நினைத்திருந்தேன். இன்று விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தபோது உப்புக் கரித்தது. பக்கத்து வீட்டுத் தம்பி, நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் கருவியைக் கொடுத்தான். செடிகளுக்கு நான் ஊற்றிவந்த எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் காட்டியது; குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ தண்ணீர் 420; பையின் அடியில் வடிந்த நீர் 3,400. குடிநீருக்கு 500 வரை இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த எல்லையைக் கடந்த ஒன்றில்தான் என் செடிகளின் வேர்கள் நின்றுகொண்டிருந்தன.

செடி தண்ணீரை மட்டுமே குடித்து உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடுகிறது; வெயில் மீதித் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது; நான் மீண்டும் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறேன். இப்படிச் சேர்ந்த உப்பு வேரை நீர் உறிஞ்ச விடாததால், ஈரமான மண்ணிலேயே செடி தாகத்தில் வாடுகிறது. போதாக்குறைக்குத் தென்னைநார்க் கழிவிலும் இயல்பாகவே உப்பு உண்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே அதைக் கலக்க வேண்டும் என்று நாற்று வாங்கிய இடத்தில் கேட்டபோது சொன்னார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கடலோரத்தில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே ஏறும். எங்களுக்கு வடக்கே மீஞ்சூரில் வயற்கிணறுகளே அப்படி உப்பேறின. அதே மீஞ்சூர் அருகே, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை 2010இல் தொடங்கப்பட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

சேர்ந்த உப்பைக் கழுவ வேண்டுமானால், பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை ஊற்றி வடியவிட வேண்டும். ஆனால் தெருமுனை அடிபம்பில் விடியற்காலையில் குடங்களுடன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே மெட்ரோ தண்ணீரைத் தரையில் ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. “குடிக்கிற தண்ணிய மண்ணுலயா ஊத்துவ?” என்று அத்தை கேட்டதும் நியாயமே. ஆகவே அரிசி களைந்த நீரும் காய்கறி அலசிய நீரும் இனிப் பைகளுக்கு. தகரக் கூரையின் ஓரத்தில் குழாய் பொருத்தி, 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை அடியில் வைத்தேன். பைகளைச் செங்கல் மேல் ஏற்றினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வெண்டையில் மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் அறுவடை: மூன்று வெண்டைக்காய். அத்தை அவற்றைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் சாம்பாரில் போட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

செவ்வாயன்று கொட்டிய மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. செங்கல் மேல் இருந்ததால் பைகள் தப்பின. மழை நீர் ஒவ்வொரு பையிலும் புகுந்து பழுப்பாக வடிவதைக் கொல்லைக் கதவருகே நின்று வெகுநேரம் பார்த்தேன். இன்று அளந்தபோது வடிநீர் 610. நான் ஒரு மாதமாக அரிசி களைந்த நீரால் சிறுகச் சிறுகச் செய்ததை வானம் இரண்டு நாளில் முடித்திருக்கிறது. ஆனால் தக்காளிப் பைகள் இரண்டிலும் துளைகள் அடைத்துத் தண்ணீர் தேங்கியதால் தண்டின் அடி கறுத்துச் செடிகள் சாய்ந்துவிட்டன. பச்சைக் காய்கள் நான்கைப் பறித்துத் துவையல் அரைத்தோம்.

நவம்பர் 10, ஞாயிறு

மிளகாயில் புது இலைகள் ஓரம் தீயாமல், உள்ளங்கை நீளத்துக்கு வந்திருக்கின்றன. ஒரு செடியில் ஏழு பூக்கள். சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டதால் வெயில் மூன்று மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. அதனால் மிளகாய்ப் பைகளைத் துவைக்கும் கல்லின் மேல் வைத்தேன். டிரம் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. கருவி அதில் 40 காட்டுகிறது. கொசு முட்டையிடாதபடி அதன் வாயில் பழைய கொசுவலையை இரட்டையாக மடித்துக் கட்டினேன். காலியான தக்காளிப் பைகளுக்காகப் புதிய நார்க்கட்டி ஒன்றை ஊறவைத்திருக்கிறேன். டிரம் தண்ணீரில் அதன் இரண்டாம் அலசல் நாளைக் காலையில்.