மேற்குச் சுவரும் எலிப்பொறிக் கட்டும்

மதுரையில் நான் வரைந்து கட்டிய வீடு ஒன்றில், மேற்குப் படுக்கையறைக்குள் மாலை 4 மணிக்கு மேல் உட்கார முடியவில்லை என்று வீட்டுக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அந்தப் பிழை என்னுடையது. அதனால் அடுத்த வீட்டை, மத்திய மின்துறை அமைச்சகம் 2018இல் வெளியிட்ட, வீடுகளில் ஆற்றலைச் சேமிப்பதற்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதிகளின்படி கணக்கிட்ட பிறகே வரையத் தொடங்கினேன்.

கூரை நீங்கலாக, சுவர்களும் சன்னல்களும் உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அந்த விதி. என் முதல் கணக்கு தாண்டியது. சுவரைத்தான் சந்தேகித்தேன், ஆனால் பெரும்பங்கு மேற்குச் சன்னலின் கண்ணாடி வழியே வந்தது. மாலை வெயில் தாழ்ந்து சாய்வாக விழுவதால், மேலே நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. பெரிய சன்னலை வடக்குக்கு மாற்றி, மேற்கில் சிறிய சன்னலை மட்டும் செங்குத்துத் தடுப்புகளோடு வைத்தேன்.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டைத் தேர்ந்தெடுத்தேன். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும்போது செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்தும். “உள்ளே பொள்ளலா விட்டா பாரம் தாங்குமா சார்?” என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றடி உயரத்துக்கு மாதிரிச் சுவர் கட்டிப் பார்த்தோம். கலவை இடைவெளிக்குள் விழுந்துகொண்டே இருந்ததால், மேஸ்திரி ஒரு பலகைச் சட்டத்தை இடைவெளியின் மேல் வைத்துக் கலவையைப் பரப்பி, பிறகு சட்டத்தை எடுத்துவிட்டு அடுத்த வரிசையை வைத்தார். வேலை சுத்தமாக வந்தது.

தடுமாறியது மின்பணியில்தான். குழாய் பதிக்க எலக்ட்ரீசியன் வழக்கம்போலச் சுவரை வெட்டியபோது, மூன்று அங்குலத் தடிமனே உள்ள வெளிச்செங்கல் பிளந்து உள்ளிடைவெளி தெரிந்தது. இரண்டு இடங்களில் சுவரைப் பிரித்துக் கட்ட நேர்ந்தது. அதிலிருந்து, சுவிட்ச் பெட்டிகள் எங்கே வரும் என்பதைச் செங்கல் வேலைக்கு முன்பே வீட்டுக்காரரோடு முடிவு செய்து, அந்த இடங்களை மட்டும் இடைவெளியின்றிக் கட்டச் சொல்கிறேன். சுவர் எழும்போதே குழாய்கள் உள்ளே ஏறிவிடுகின்றன.

அளவு மாறும் நாட்டுச் செங்கல்லில் இந்தக் கட்டு ஒழுங்காக அமைவதில்லை. சீரான சேம்பர் செங்கல் அருகில் கிடைக்காத ஊர்களில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.