பிரேக் வாசம்

இன்று வால்பாறை மலைப்பாதையில் எனக்கு முன்னால் ஒரு மர லாரி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் கருகும் வாசம் மூக்கில் ஏறியது.

சட்டென்று பரம்பிக்குளம் டிராம்வே நினைவுக்கு வந்தது.

கொச்சி சமஸ்தானம் தேக்கும் ஈட்டி மரமும் இறக்கப் போட்ட மீட்டர் கேஜ் ரயில் பாதை. சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர், நடுக்காட்டில்.

சமதளத்தில்தான் நீராவி எஞ்சின். செங்குத்துச் சரிவில் எஞ்சினே கிடையாது!

இரும்புக் கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. இறங்குகிற பாரமே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். வேகத்தை அடக்க உச்சியில் பிரேக் பிடிக்க ஆள் நிற்பார்கள்.

எத்தனை மழைக்காலம் அந்த நடுங்கும் கயிற்றையே பார்த்து நின்றிருப்பார்கள்? அவர்கள் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

1963-இல் மூடிவிட்டார்கள்.

லாரி வழிவிட்ட பிறகும் நான் மெதுவாகத்தான் இறங்கினேன்.