கேன் பானத்தில் கன உலோகம்: கேனைத் திட்டுவதற்கு முன்

கேன் பானத்தில் காரீயம் இருந்ததாம் என்று பேச்சு கிளம்பினால், எல்லோர் கண்ணும் முதலில் கேன் மீதுதான் போகிறது. பெரும்பாலும் அது தப்பான இடம். காரீயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றும் இன்றைக்கு அதிகமாக வருவது உள்ளே ஊற்றிய பானத்தோடுதான். பழம் விளைந்த மண், அந்தத் தோட்டத்தில் எந்தக் காலத்திலோ அடித்த ஆர்செனிக் பூச்சிக்கொல்லி, கலந்த தண்ணீர், ஆலைக் குழாயில் இருக்கும் பித்தளைப் பாகங்கள் என்று வழிகள் பல. அதே சாற்றைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தாலும் இவை போய்விடாது.

கேனே காரீயம் கொடுத்த காலமும் உண்டு. தகர டப்பாவின் பக்கவாட்டு மூட்டைக் காரீயப் பற்றாசு வைத்து ஒட்டினார்கள். அமெரிக்கா 1995-ல் உணவு டப்பாக்களுக்கு அதைத் தடை செய்தது. இப்போதைய தகர டப்பாவில் மூட்டு மின்பற்றவைப்பு. அலுமினிய கேனில் பக்க மூட்டே கிடையாது. பழைய டப்பா கையில் கிடைத்தால் லேபிளை உரித்துப் பாருங்கள். பற்றவைத்த மூட்டு மெல்லிய, நேரான, கருத்த கோடாக இருக்கும். அகலமாக, ஓரம் சீரில்லாமல், வெள்ளி நிறத்தில் இழுவினாற்போல் இருந்தால் அது பற்றாசு. குடிக்க வேண்டாம்.

இன்றைய கேன் தன் பங்குக்குக் கொடுப்பது அலுமினியமும் வெள்ளீயமும். அலுமினியம் கன உலோகமே இல்லை, ஆனாலும் பேச்சில் அதையும் சேர்த்துவிடுகிறார்கள். கோலாவின் பிஎச் 2.5 வாக்கில் இருக்கும், அதாவது நல்ல அமிலம். வெற்று அலுமினியம் அதற்குத் தாங்காது. காப்பது உட்புற லாக்கர் பூச்சு, அதன் தடிமன் சில மைக்ரான்தான். கேன் நசுங்கினால் உலோகம் வளையும், லாக்கரில் நுண்விரிசல் விழும். குளோரைடும் துளி செம்பும் உள்ள பானம் என்றால் அந்த விரிசலிலேயே குழி அரிப்பு தொடங்கிவிடும். மடிப்பு ஓரத்தில் விழுந்த நசுக்கல் இன்னும் மோசம், அடைப்பும் சேர்ந்து விட்டுக்கொடுக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் மாதக்கணக்கில் கிடந்த பெட்டியையும் தவிர்த்துவிடலாம். வெப்பம் ஏற ஏற அரிப்பு வேகமாகும்.

பயத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அலுமினியம் கரைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 330 மில்லி கேனில் அது 0.33 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் வைத்த எல்லை, உடல் எடை கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு வாரம் 60. அந்தக் கேனில் இருக்கும் சர்க்கரை அதைவிடப் பெரிய கவலை என்பது என் எண்ணம்.

வெள்ளீயம் வேறு ரகம். அன்னாசிச் சாறு போன்றவற்றுக்குச் சில டப்பாக்களை உள்ளே லாக்கர் இல்லாமல் வேண்டுமென்றே விடுகிறார்கள். வெள்ளீயம் முந்திக் கரைந்து இரும்பைக் காக்கும், சாற்றின் நிறமும் கருக்காது. திறந்ததும் காற்று புக, கரைதல் பல மடங்கு கூடும். சாற்றில் நைட்ரேட் இருந்தால் திறக்காமலே கூடும். டப்பாப் பானங்களுக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம். 200 தாண்டினால் வயிற்றைப் பிசையும், குமட்டும், வாந்தி வரும். உடம்பில் பெரிதாகத் தங்காது. திறந்த டப்பாவை அப்படியே குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். மிச்சத்தைக் கண்ணாடிக்கு மாற்றுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை குழந்தைகள் குடிக்கும் பழச்சாறுகள். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று 2010-லேயே ஐ.நா. உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு தன் பழைய வரம்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, உணவு வழியே வரும் காரீயத்துக்குக் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு நாளுக்கு 2.2 மைக்ரோகிராம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் காரீயம் உள்ள சாறு 250 மில்லி குடித்தால் 2.5 மைக்ரோகிராம், ஒரே தம்ளரில் தாண்டியாயிற்று. பெரியவர் குடல் விழுங்கிய காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சினால், குழந்தையின் குடல் பாதிவரை உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடும். தினமும் ஒரே பழம், ஒரே பிராண்டு என்று கொடுக்காமல் மாற்றுங்கள். சிறு பிள்ளைக்குத் தண்ணீரும் முழுப் பழமும் போதும்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் பெயின்டுக்கு விற்கும் காரீயப் பட்டைகளை வாங்காதீர்கள், இந்த அளவை அவை காட்டாது. ஐசிபி-எம்எஸ் கருவி (தனிமங்களை அணு நிறையால் பிரித்து அளப்பது) உள்ள ஆய்வகம் வேண்டும். கரியமில வாயுவை முழுக்க வெளியேற்றாமல் மாதிரி எடுத்தால், குமிழியும் கன அளவில் சேர்ந்து முடிவு குறைவாக வரும். பானத்தில் குளோரைடு இருந்தால் அது கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து 75 நிறையில் ஆர்செனிக் போலவே நிற்கும். இந்தப் போலியை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறையை ஓட்டினார்களா என்று கேளுங்கள். கேனின் பங்கைத் தனியே பிரிக்க, ஒரே தொகுதிப் பானத்தைக் கேனிலும் கண்ணாடியிலும் அடைத்து ஒப்பிட வேண்டும். ஒற்றைக் கேனைச் சோதித்து அது தெரியாது. அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் பக்கத்திலேயே கண்டறியும் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். அது லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றால், மேலே சொன்ன 10 மைக்ரோகிராம் போன்ற அளவைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லவில்லை.