உன் கைன்னா எங்க குத்தச் சொல்லுவே?

"உன் கைன்னா எங்க குத்தச் சொல்லுவே கண்ணு?"

டயாலிசிஸ் ஊசியைப் பிரித்துக் கையில் வைத்திருந்தபோது அந்தப் பெரியவர் கேட்டார். "புது எடத்துலதானுங்க அப்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நாலு மாசம் ஆகிறது, அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

வேலந்தாவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போடுவதற்காக ஆபரேஷனில் தமனியோடு இணைத்த சிரை. மூணு வருஷமாக அதில்தான் டயாலிசிஸ். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 2 ஊசி. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 312 குத்து. அத்தனையும் அதே இரண்டு இடத்தில். நாங்கள் போடுவது 16 கேஜ். டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கிற ஊசியைவிட இரண்டு மடங்கு தடிமன். குத்திக் குத்தி மரத்த இடத்தில் போட்டால் வலி அவ்வளவாகத் தெரியாது. "அங்கயே போடு கண்ணு" என்பார். நானும் போட்டிருக்கிறேன். யூனிட்டில் போடாதவர்கள் யாரும் இல்லை.

மேலே இருந்த இடம் கோலிக்குண்டு மாதிரி புடைத்துவிட்டது. தோல் மெலிந்து பளபளவென்று ஆகிவிட்டது. அந்த மாதிரித் தோல் என்றைக்காவது பிய்த்துக்கொண்டால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும், நிமிஷத்தில் ஆள் போய்விடும். பயந்துதான் அன்றைக்கு இடம் மாற்றினேன். அது தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன்.

புடைப்புக்கு நாலு விரல்கடை கீழே தடவிப் பார்த்தேன். த்ரில், அதாவது உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு, நன்றாக இருந்தது. ஊசி உள்ளே போனதும் ரத்தம் வந்தது. சலைன் தள்ளிப் பார்த்தேன், தடையில்லை. பம்ப்பை நிமிஷத்துக்கு 150 மில்லியிலிருந்து 250க்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் வீனஸ் பிரஷர் அலாரம், ரத்தம் திரும்பிப் போகிற பக்கம் அழுத்தம் ஏறிவிட்டது. திரும்பிப் பார்க்கும்போதே கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதியிருந்தது. ஊசி ரத்தக்குழாயின் பின்பக்கச் சுவரையும் துளைத்திருக்கிறது. பம்ப்பை நிறுத்தி ஐஸ் வைத்தேன். அன்றைய டயாலிசிஸை முடிக்க, கடைசியில் அந்தப் புடைப்பிலேயேதான் ஊசி போட வேண்டிவந்தது. வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்சார்ஜ் சேச்சி மட்டும் தோளைத் தட்டி மலையாளத்தில் "சாரமில்லா", பரவாயில்லை என்றார். எனக்கு சாரமாகத்தான் இருந்தது.

முதல் ஷிஃப்ட், வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். அவசரப்பட்டேனோ? ஸ்கேனில் ரத்தக்குழாயின் ஆழத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். மரத்துப்போக துளி சைலோகெய்னாவது போட்டிருக்கலாம். பட்டன்ஹோல் முறை இருக்கிறதே என்பார்கள். அதற்கு ஒரே ஆள், ஒரே துளையில், ஒரே கோணத்தில் போட வேண்டும். பொருக்கைச் சுத்தமாக எடுக்காவிட்டால் கிருமி நேரே ரத்தத்துக்குள் போய்விடும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிற எங்களால் அது முடியாது.

ஆனால் இதெல்லாம் ஊசியைப் பற்றிய யோசனை. அவர் கேட்டது வேறு. நாலு மணி நேரம் அசையாமல் நீட்டி வைத்திருக்க வேண்டிய கை என்னுடையதாக இருந்தால்? அன்றைக்கு ராத்திரி வீட்டில் என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரத்த இடத்திலேயே போடு என்றுதான் நானும் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. அப்புறம் அந்தப் பளபளத்த தோல் ஞாபகம் வந்தது.

நீலம் பாரித்தது மறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. புடைப்பை சர்ஜனிடம் காட்டச் சொல்லி ஃபைலில் இரண்டு தடவை எழுதிவிட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாமுங்க" என்கிறார் மகன், அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

போன வாரம் கையை நீட்டினார். எதுவும் கேட்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைப் புடைப்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி வைத்தார். பழைய இடமும் இல்லை, நான் போட்ட இடமும் இல்லை. மேல்கையில் கட்டிய பட்டையை இறுக்கி அங்கேயே தடவினேன்.

"இங்கயாங்க அப்பா?"

"நீ சொல்லு கண்ணு."